கையெழுத்து யாருது?

எந்தக் கோப்பையும் திலகவதி நேராகத் திறப்பதில்லை. மவுஸின் வலது பக்கத்தை அமுக்கி, பட்டியலின் அடியில் இருக்கும் ‘பிராப்பர்ட்டீஸ்’ போவாள். அதற்குள் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்’, கோப்பை அனுப்பியவன் கம்ப்யூட்டரில் போட்ட கையெழுத்து. அங்கிருக்கும் பெயரை எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படிப்பாள். திரை முழுக்க அவள் ரேகைதான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கும் கம்பெனி ஒன்றின் எடைமேடை அறையில், ஒன்பது வருடமாக கம்ப்யூட்டர் ஆபரேட்டர். காற்றெல்லாம் கரித்தூள். கீபோர்டைத் தினமும் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டுவாள். கோபமாக இருந்தால் இரண்டு. ஒரு மாதமாக இரண்டுதான்.

மேனேஜர் பூவராகவன் மெயிலில் வந்த எதையோ அமுக்கப்போய், வைரஸ் ஏறி, எடைமேடை இரண்டு நாள் படுத்துவிட்டது. மெமோ வந்ததோ திலகவதிக்கு. ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு.’ இன்னொன்று வந்தால் வேலை கிடையாது.

எடைச்சீட்டு வாங்க நான் போயிருந்த அன்று வெளியே பதினோரு லாரிகள் நின்றன. எடைமேடைக்குப் புது சாஃப்ட்வேர் என்று ஒரு கோப்பை இறக்கி வைத்திருந்தார் பூவராகவன்.

“கையெழுத்து கீதும்மா. ஓகேன்னு அதுவே காட்டுது. ஏத்தேன்.”

“இன்னா சார் ஓகே? கையெழுத்து போட்டப்புறம் யாரும் கை வெக்கலன்னுதான் ஓகே. போட்டவன் யாரு? நம்ம சாஃப்ட்வேர்காரன் பேரா இது?”

“ஏதோ ஒரு கம்பெனி பேரு. கையெழுத்து போட்டவன் ஏமாத்துவானா?”

“போன வாரம் ஸ்க்ராப் லாரி கேட் பாஸ்லகூடத்தான் கையெழுத்து இருந்துது. செக்யூரிட்டி முனுசாமி அண்ணன் லாரி மேல ஏறிக் கம்பி உட்டுக் குத்தினாரே, இரும்புக்கு அடியில இன்னா வந்துது? மண்ணு! எவனோ ஒருத்தன் கையெழுத்து போட்டுக்கினு வந்தா, உங்க ஊட்டு பீரோ சாவியக் குடுத்துருவீங்களா?”

வெளியே ஹாரன் அலறியது.

“லாரி நிக்குதும்மா! பேஜாரு பண்ணாத. நான் சொல்றேன், ஏத்து.”

“நீங்க சொல்லுவீங்க. மெமோ எனக்கு வரும்.”

மேசையிலிருந்த வெள்ளைத்தாளை இழுத்தாள். ‘இந்தக் கோப்பு என் உத்தரவின்பேரில் ஏற்றப்படுகிறது’ என்று எழுதி, தேதி போட்டு, அடியில் தாள் கிழிய ஒரு கோடு இழுத்தாள்.

“போடுங்க சார். கையெழுத்துன்னா உங்களுக்குத்தான் அவ்ளோ நம்பிக்கையாச்சே.”

பூவராகவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு லாரிகளைப் பார்த்தார். திலகவதி பேனாவை அவர் முகத்துக்கு நேரே நீட்டியபடி நின்றாள். கை இறங்கவில்லை.