ஹெட் நர்ஸ் தனியாகக் குடிபோனது

அந்த அம்மாளைத் தெருவில் எல்லோரும் ஹெட் நர்ஸ் என்றுதான் சொல்வார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டை ஆண்டு ஓய்வு பெற்றவர். ஆண்டு என்று சொன்னது தப்பில்லை. டாக்டர்கள்கூட வார்டுக்குள் நுழையும்போது செருப்புச் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்களாம். அப்பேர்ப்பட்டவரால் வீட்டில் ஒரே ஒரு மனிதரை மட்டும் வழிக்குக் கொண்டுவர முடியவில்லை.

அவர் கணவர் ஒரு மோட்டார் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். புது போல்ட் வேண்டுமென்றால் தேய்ந்த போல்ட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆள் அசையமாட்டார். அந்தப் புத்தி அவரோடு சேர்ந்து ஓய்வு பெறாமல் நேராக வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. ஓடாத மின்விசிறிகள், கழற்றிப் போட்ட குழாய்கள், ஜாடி உடைந்தும் பிழைத்திருந்த மூடிகள், எந்தக் கதவுக்கும் சேராத தாழ்ப்பாள்கள் என்று மாடியில் இரண்டு அறைகள் கூரைவரை நிறைந்தன. எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "எதுக்காவது ஆகும்."

எதற்கும் ஆகவில்லை. ஹெட் நர்ஸும் தலையில் அடித்துக்கொள்வதோடு விட்டுவிட்டார், ஒரு நாள் காலை வரை. அன்று ஸ்டோர்காரர் ஒரு பழைய மேஜை மின்விசிறியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினார். பாதிப் படியில் கால் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் கீழேவரை வந்து சேர்ந்தார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஹெட் நர்ஸ் ஓடிவந்து கையைத் திருப்பிப் பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டார். ஸ்டோர்காரரோ பெருமையாக நிமிர்ந்து பார்த்தார்.

"ஃபேனுக்கு ஒரு கீறல்கூட இல்ல, பாரு."

ஹெட் நர்ஸ் கட்டுப் போடும்போது வழக்கத்தைவிட ஒரு சுற்று இறுக்கிச் சுற்றினார். மாடிப்படியில் வழுக்கி வந்தவர்களை அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார். இடுப்பு முறிந்து வந்தவர்களில் எத்தனை பேர் பிறகு தங்கள் காலால் நடந்தார்கள் என்பதும் தெரியும். அவருடைய முழங்காலும் படி ஏறும்போதெல்லாம் முனகத் தொடங்கியிருந்தது. படுக்கை மேலே, சமையல் கீழே. இந்த வீடு இனி ஆகாது, சின்னதாக, தரைத்தளத்தில், எல்லாம் கைக்கெட்டுகிற இடத்தில் ஒரு வீடு பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

ஸ்டோர்காரர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "பாக்கலாம், முதல்ல மாடியைக் காலி பண்ணிடறேன்" என்றார். மூன்று பெட்டிகளைக் கீழே இறக்கினார். திறந்து துடைத்து வகை பிரித்தார். நான்கு பெட்டிகளாக மேலே கொண்டுபோய் வைத்தார்.

இதற்குள் விஷயம் மகள் காதுக்குப் போய்விட்டது. மகள் வேறு ஊரில் கணவன் குழந்தைகளோடு இருப்பவள், எதையும் தள்ளிப் போடாதவள். இரண்டு பேரும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று தினமும் போனில் பிடிவாதம் பிடித்தாள். ஓர் அறையே தயாராக இருக்கிறதாம். ஹெட் நர்ஸ் அந்த அறையைப் பார்த்திருக்கிறார். அதில்தான் பேரன் தூங்குவான், மருமகன் ஓடும் இயந்திரத்தில் ஓடுவார், இஸ்திரி மேஜையும் அங்கேதான். வேண்டாம் என்று சொன்னதும் மகள் அடுத்ததை எடுத்துவிட்டாள். ஊருக்கு வெளியே பெரியவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு, தோட்டம், யோகா, சத்தமே கிடையாது, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள்.

போனார்கள். சத்தம் இல்லை என்பது உண்மைதான். சத்தம் போடுவதற்கு அங்கே ஆளும் இல்லை, கடையும் இல்லை, பஸ்ஸும் இல்லை. நிர்வாகத்துப் பெண் ஹெட் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக வாங்க, பார்த்து வாங்க என்று குழந்தையை நடத்துவதுபோல் நடத்திக்கொண்டு போனாள். பாட்டுப் பாட ஒரு நேரம், படம் வரைய ஒரு நேரம், பந்து உருட்ட ஒரு நேரம் என்று அடுக்கினாள். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று ஹெட் நர்ஸ் கேட்டார். வண்டி கூப்பிட்டால் வரும் என்று பதில் வந்தது. தூரத்தைத்தான் கேட்டேன் என்று மறுபடி கேட்டார். அந்தப் பெண் தோட்டத்து ரோஜாவைக் காட்டினாள்.

ஸ்டோர்காரருக்கு ஒரே சந்தேகம். "சாமான் போட்டு வைக்க தனி ரூம் ஏதாவது இருக்காம்மா?"

திரும்பி வரும் வழியெல்லாம் ஹெட் நர்ஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

அதன் பிறகு யாரையும் கேட்கவில்லை. காலையில் கிளம்பிப் போவார், மதியம் திரும்புவார். எங்கே என்று கேட்டால் நடைப்பயிற்சி என்பார். அப்படி நடந்து கண்டுபிடித்ததுதான் மார்க்கெட் பின்பக்கத்து வீடு. தரைத்தளம், இரண்டு அறை, ஒரு சமையலறை. வாசலில் பஸ் நிறுத்தம். பக்கத்தில் மருந்துக்கடை, எதிரே கிளினிக். விடிந்ததிலிருந்து ஹாரன் சத்தம்தான். வீட்டுக்காரர் அதைச் சொல்லத் தயங்கினார். வார்டில் நாற்பது பேர் முனகுகிற நடுவில் தூங்கிப் பழகியவருக்கு ஹாரன் ஒரு பொருட்டா? குளியலறைத் தரையைச் செருப்பில்லாமல் நடந்து பார்த்தார், வழுக்கவில்லை. கதவு அகலத்தைக் கையை விரித்துப் பார்த்தார். நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தாலும் நுழையும். வாடகை பேசிவிட்டார்.

ஸ்டோர்காரர் வந்து பார்த்தார். நல்ல வீடு என்றார். வெளிச்சம் இருக்கிறது என்றார். அடுத்த மாதம் வந்துவிடலாம் என்றார். அடுத்த மாதம் வந்தது, மாடி அப்படியே இருந்தது. அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். கேட்டால் பாதி முடிந்துவிட்டது என்பார். எந்தப் பாதி என்று அவருக்கே தெரியாது. ஆள் இல்லாத வீட்டுக்கு வாடகை போய்க்கொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை ஹெட் நர்ஸ் ஒரு சின்ன வண்டியைக் கூப்பிட்டார். ஒரு கட்டில், அடுப்பு, இரண்டு நாற்காலி, நான்கு பாத்திரம், துணிப்பெட்டி. ஸ்டோர்காரர் வாசலில் நின்று, கட்டிலின் காலுக்கு அடியில் வைத்திருந்த மரத்துண்டை ஏன் விட்டுவிட்டுப் போகிறாய் என்று கேட்டார்.

"நான் போறேங்க. நீங்க காலி பண்ணிட்டு வாங்க. ஒண்ணும் அவசரமில்ல."

அன்று சாயங்காலமே மகள் போனில் அழுதாள். இந்த வயதில் இரண்டு பேரும் பிரிந்து போனால் உலகம் என்ன சொல்லும் என்று கேட்டாள். உலகம் வந்து மாடி ஏறுமா என்று கேட்டு ஹெட் நர்ஸ் போனை வைத்தார்.

ஸ்டோர்காரர் மூன்றாம் நாள் போன் செய்தார். "உப்பு எங்க வச்சிருக்க?"

"நீங்கதானே ஸ்டோர் கீப்பர்" என்றார் அந்த அம்மாள்.

அப்புறம் ஸ்டோர்காரர் மதியச் சாப்பாட்டுக்கு பஸ் ஏறி வரத் தொடங்கினார். சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். ஹெட் நர்ஸும் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் போன பிறகு, படியில் ஏறியிருப்பாரா, விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறினாரா என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்த எரிச்சலையும் அவர் மேலேயே வைத்துக்கொண்டார்.

கடைசியில் பஞ்சாயத்துக்கு மகளே வந்தாள். அப்பாவை உட்கார வைத்து ஒரே நாளில் மாடியை ஒழித்துக் காட்டுகிறேன் என்று சபதம் போட்டுவிட்டுப் போனாள். மதியம் தாண்டியும் தகவல் இல்லாததால் ஹெட் நர்ஸ் பழைய வீட்டுக்குப் போனார். வலிக்கிற முழங்காலோடு மாடி ஏறிப் பார்த்தால் அப்பாவும் மகளும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மகளுடைய பள்ளிக்கூடப் பைகள், ஓட்டப் பந்தயக் கோப்பைகள், பொம்மை வீடு, உடைந்த கீபோர்டு. ஒரு பை குப்பைகூட வெளியே போகவில்லை. இந்த அறையில் ஆறு பெட்டி மகளுடையவை என்பதே அப்போதுதான் மூவருக்கும் உறைத்தது.

"இதெல்லாம் உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போ" என்றார் ஹெட் நர்ஸ்.

"எங்க வீட்ல எங்கம்மா இடம் இருக்கு?"

"எங்க ரெண்டு பேருக்கும் இடம் இருக்குன்னு தினமும் சொன்னியே. ஆறு பெட்டிக்கு இல்லையா?"

ஸ்டோர்காரர் கீபோர்டின் ஒரு கட்டையை அழுத்தினார், அது எழும்பவில்லை. மகள் மெதுவாகச் சொன்னாள்.

"பயமா இருந்துச்சும்மா. நீங்க விழுந்து கிடந்தா எனக்கு யார் சொல்லுவா? அதான் அப்படிக் கூப்பிட்டேன். எங்க வைப்பேன்னு யோசிக்கவே இல்ல."

"அந்தப் பயத்துலதான் நான் மெடிக்கல் ஷாப் பக்கத்துல குடிபோனேன்" என்றார் ஹெட் நர்ஸ். குரல் கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் குனிந்து மகள் தலைமுடியில் ஒட்டியிருந்த ஒட்டடையை எடுத்துவிட்டார்.

அதன் பிறகு வேலை ஓடியது. மகளின் பெட்டிகளைத் திறக்க விடாமல் அப்படியே வண்டியில் ஏற்றினார். பழைய இரும்புக்காரரை வரச் சொன்னார். ஸ்டோர்காரருக்கு ஒரே ஒரு டிரங்குப் பெட்டி, மூடி மூடுகிற அளவுக்கு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, தானே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மின்விசிறிகள் ஒவ்வொன்றாக வெளியே போகும்போது ஸ்டோர்காரர் சுவரைப் பார்த்து நின்றார். சுருங்கிப்போன அந்த முதுகைப் பார்க்க ஹெட் நர்ஸுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அரை லாரி சாமான் திரும்பி உள்ளே வந்துவிடும் என்று தெரியும்.

பழைய வீட்டுக்கு நான்கு குழந்தைகள் உள்ள ஒரு குடும்பம் வாடகைக்கு வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு மாடிப்படி ஒரு விளையாட்டு.

ஸ்டோர்காரர் டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். முதல் வாரம் ஹாரன் சத்தத்தில் தூக்கமில்லை என்று மூக்கால் அழுதார். இரண்டாம் வாரம் குறட்டை ஹாரனை மிஞ்சியது. இப்போது பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, எந்த வண்டி ஏன் தாமதம் என்று காத்திருப்பவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்கிறார். வீடு முன்னமே பார்த்திருக்கலாமே, ஏன் இத்தனை மாதம் இழுத்தடித்தாய் என்று ஒரு நாள் மனைவியையே கேட்டார். ஹெட் நர்ஸ் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் நின்று, இரண்டு பஸ் போகிறவரை உள்ளே வரவில்லை.