‘ஸ்டெடி’ கண்ணாடி பிறந்த கதை

சூடான பிளாஸ்டிக்கும் புது எலாஸ்டிக்கும் கலந்த வாடை எங்கே அடித்தாலும் எனக்கு எங்கள் மூக்கண்டப்பள்ளி வீடுதான் ஞாபகத்துக்கு வரும். எண்பதுகளில் ஓசூரைச் சுற்றிக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தபோது, கிரைண்டிங் வேலைக்காரர்கள் கண்ணில் பொறி தெறிக்காமலிருக்க மாட்டும் ‘காகில்ஸ்’களை என் அத்தா ஒரு சின்ன ஷெட்டில் செய்தார், அவற்றுக்கு எலாஸ்டிக் பட்டை தைப்பது வீட்டில் அம்மாவின் வேலை.

எங்கள் பள்ளியில் என் வாலிபால் சர்வீஸை எடுக்க ஆள் கிடையாது. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமும் கிடையாது. ஆனால் நான் ‘சோடாபுட்டி’. கண்ணாடியைக் கழற்றினால் வலையே தெரியாது. முந்தின வருடம் ஒரு பெண்ணின் கண்ணாடி உடைந்து புருவத்தைக் கிழித்திருந்ததால், கண்ணாடி போட்டவர்களை டீமில் சேர்ப்பதில்லை என்று விளையாட்டு டீச்சர் லூர்து மேரி முடிவாகச் சொல்லிவிட்டார். நான் சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டேன். அத்தா ஒரு காகில்ஸை அறுத்துச் சின்னதாக்கி, என் பவருக்குப் பிளாஸ்டிக் லென்ஸ் வரவழைத்துப் பொருத்தினார். அம்மா பட்டையை இரட்டையாகத் தைத்தாள். டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கண்ணுக்கு ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மறுநாள் அம்மாவே மைதானத்துக்கு வந்தாள்.

“தாங்குமா தாங்காதான்னு நீங்க ஏன் டீச்சர் ரோசனை பண்றீங்க? நான் மாட்டிக்கினு நிக்கிறேன். இவளே அடிக்கட்டும்.”

முந்தானையைச் செருகிக்கொண்டு வலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். என் பவரில் அவளுக்கு உலகமே கலங்கித்தான் தெரிந்திருக்கும். பந்து வருவதுகூடத் தெரியாது. டீச்சர் டிரில் பழக்கத்தில் “ஸ்டெடி” என்றார். மெதுவாகத் தட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தோடு அடித்தேன். பந்து நேராக அம்மாவின் மூக்கின் மேலிருந்த கண்ணாடியில் பட்டு எகிறிப் போனது. அம்மா ஓர் அடி பின்னால் வைத்தாள், விழவில்லை. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, வேர்வையில் ஆவி படிந்திருந்தது, அவ்வளவுதான். டீச்சர் டீம் நோட்டில் என் பெயரை எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா சொன்னாள்: “மெதுவா மட்டும் அடிச்சிருந்தே, வூட்டுல வெச்சு உதைச்சிருப்பேன்.”

ஆவி படியாமலிருக்க அத்தா இரண்டு பக்கமும் மூன்று மூன்று ஓட்டை போட்டார். அதற்கு ‘ஸ்டெடி’ என்று பெயரும் வைத்தார். கிருஷ்ணகிரியில் தொடங்கி பெங்களூர் விளையாட்டுக் கடைகள்வரை அது போனது. அங்கே கன்னடத்தில் அதற்கு ‘ஹொசூர் கன்னடகா’, அதாவது ஓசூர் கண்ணாடி, என்று பெயர். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பெரிய கம்பெனி அச்சுகளோடு பெயரையும் வாங்கிக்கொண்டது.

இன்று அந்த ஷெட் இருந்த இடத்தில் மாடிக் குடியிருப்பு. மைதானத்தில் பள்ளி வேன்கள் நிற்கின்றன. போன மாதம் என் மகளுக்கு, அவளுடைய பவரில், ஒரு ‘ஸ்டெடி’ வாங்கி வந்தேன். அம்மா முதலில் ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தாள். பக்கத்துக்கு மூன்றாக அப்படியே இருந்தன. மிஷினில் சோதிக்கப்பட்டது என்று டப்பாவில் போட்டிருந்ததை வாசித்துக் காட்டினேன்.

“மிஷினுக்கு மூக்கு இருக்குதா?” என்றாள்.

கண்ணாடியை என் முகத்தில் மாட்டி, பட்டையை இறுக்கி, பேத்தி கையில் பந்தைக் கொடுத்தாள். மகள் தயங்கி என்னைப் பார்த்தாள்.

“மெதுவா அடிக்காதே” என்று சொல்லிவிட்டு நான் நேராக நின்றேன்.