கன்னக்காரன் குப்பி

அரிஷத்துக்குக் கோபம் வந்தால் வாய் அடைத்துப்போகும். சீதோன் கடற்கரையில், கண்ணாடி ஊதும் பட்டறை ஒன்றில் அவள் களிமண் அச்சு செய்துவந்தாள். கப்பலேறிப் போன புருஷன் திரும்பவில்லை. அந்த வேலைதான் வயிற்றைக் கழுவியது. திராட்சைக் குலை, பேரீச்சம்பழம், சிப்பி என்று எதைக் கொடுத்தாலும் அதன் வடிவத்தைச் சுட்ட மண்ணுக்குள் குழியாக இறக்கிவிடுவாள். உருகிய கண்ணாடியைக் குழல் நுனியில் எடுத்து, இரண்டு பாதியாகச் சேர்ந்த அந்த அச்சுக்குள் விட்டு ஊதுவது மத்தானின் வேலை. அச்சைப் பிரித்தால் தைலக்குப்பி முழுசாக நிற்கும்.

மத்தானுக்குப் பொறுமை கிடையாது. அச்சின் சூடு தணியும்வரை காத்திராமல் தண்ணீரைத் தெளிப்பான். ஒருநாள் அச்சு விரிசல் விட்டது. குப்பிகளின் மேல் தழும்புபோலக் கோடு விழுந்தது. சரக்கெடுக்க வந்திருந்த சைப்ரஸ் வியாபாரி ஒருவர் அதை விரலால் தடவிக் காட்டினார்.

“நான் என்ன பண்றதுங்க? பொம்பள பெசஞ்ச மண்ணு, வாயப் பொளக்குது,” என்றான் மத்தான்.

அவள் எழுந்துபோய் மண் பிசைய ஆரம்பித்தாள். அந்த வியாபாரி ஊர் திரும்புமுன் புது அச்சு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே குழிவாக இருப்பதால் என்ன உருவம் என்று சட்டெனத் தெரியாது, மத்தான் பார்க்கவுமில்லை. ஊதினான். அவளே பிரித்தாள். உப்பிய கன்னம், இடுங்கிய கண், விடைத்த மூக்கு. மத்தானேதான்.

“அடேய், உன்னையே உரிச்சு வெச்சுப் பொறந்திருக்குடா!” என்று பட்டறைக்காரர் அப்தோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மத்தான் அச்சைத் தரையில் அடித்து நொறுக்கினான். குப்பி ஆறியதும் அதை வியாபாரி கொண்டுபோய்விட்டார்.

மழைக்காலம் கழிந்து திரும்பி வந்தவர் முதலில் கேட்டது அதைத்தான். “கன்னக்காரன் குப்பி ஒரு பெட்டி வேணும்.”

அப்தோ அரிஷத்தைப் பார்த்தார்.

“மூஞ்சிக்குச் சொந்தக்காரரு ஒத்துக்கட்டும்,” என்றாள்.

முறைத்துக்கொண்டு திரிந்த மத்தான், கடைசியில் அவள் எதிரே வந்து உட்கார்ந்தான்.

“கன்னத்தக் கொஞ்சம் கொறச்சுக்க.”

“ஊதறப்ப கொறையுதா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?”

அவ்வளவு கிட்டத்தில் அவள் அவனைப் பார்த்ததில்லை. உதட்டோரம் பழைய புண்ணின் மேல் புதுப் புண்.

“எரியுமா?”

“குழல வாயில வெச்சாலே எரியும். சீக்கிரம் முடிச்சுத் தொலைச்சா போதும்னு இருக்கும்.”

புது அச்சில் அவள் புண்ணை வைக்கவில்லை. கன்னத்தைக் குறைக்கவும் இல்லை.

அதற்காக அவர்கள் சிநேகிதமாகிவிடவில்லை. தண்ணீர் தெளிப்பதை அவன் விட்டான், வியாபாரிகள் முன்னால் அவளைப் பழிப்பதையும் விட்டான். மற்றச் சண்டையெல்லாம் வழக்கம்போல நடந்தது. அந்த முகம் பல ஆண்டுகள் கப்பலேறியது. ஊதி ஊதி அச்சு தேய்ந்தபோது அவனே வந்து நின்றான்.

“மூக்கு மழுங்கிப்போச்சு. புதுசா ஒண்ணு பண்ணு.”

“உங்க மூக்கா, அச்சு மூக்கா?”

“ரெண்டும்தான்,” என்று மத்தான் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.