மறைக்கல்விப் பயிற்சியில் நான் கேட்ட கேள்வி

இன்று தேனியில் மறைக்கல்வி ஆசிரியர்களுக்குப் பயிற்சி. சர்ச்சில் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்க இனி என்னால் முடியாது என்று சொல்லிவிடத்தான் போனேன்.

வாய் திறப்பதற்குள் பயிற்சி நடத்திய சிஸ்டர் என்னை எழுப்பினார். "இப்ப நீங்கதான் வகுப்புல பிள்ளைன்னு வச்சுக்கங்க. கஷ்டமான கேள்வி ஒண்ணு கேளுங்க."

"அம்மா பொழைக்கணும்னு தெனமும் ஜெபம் பண்ணுனேன் சிஸ்டர். இயேசப்பா ஏன் அவுகளக் காப்பாத்தல?"

குரல் உடைந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பக்கத்திலிருந்த வடுகபட்டி டீச்சர், "நெசமாவே அழுதீகளே, எப்படி நடிச்சீக?" என்றார்.

அம்மா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

கிளம்பும்போது சிஸ்டர் புதுக் கையேட்டைக் கொடுத்து, "அடுத்த பயிற்சிய நீங்களே நடத்துங்க" என்றார். தலையாட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

முடியாது என்று சொல்லப் பழக்கும் பயிற்சி எங்காவது நடந்தால் சொல்லுங்கள். முதல் ஆளாகப் பெயர் கொடுக்கிறேன்.