முட்டிக்குக் குளிர் ஆகாது

ஆறாம் வகுப்பு படித்த வருஷம் மார்கழியில் நான் சைக்கிளிலிருந்து விழுந்தேன். விழுந்தது பெரிய விஷயமில்லை. அதற்கு முன்னும் பலமுறை விழுந்திருக்கிறேன். ஆனால் இந்த முறை என்னைத் தள்ளிவிட்டது என் சுடிதார். பசுமலையில் எங்கள் பள்ளி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தோம். நான்காவது சுற்றில் பேண்ட்டின் விளிம்பை செயின் கவ்விக்கொண்டது. சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை.

பி.டி. டீச்சர் கத்தரிக்கோலால் துணியை வெட்டி என்னை விடுவித்தார். மார்கழிக் கடைசிச் சனிக்கிழமை மாவட்ட சைக்கிள் போட்டி. முதல் நான்கு பேருக்குள் வந்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். "டிரவுசர் போட்டுட்டு வந்தா ஓட்டு. இல்லைன்னா உன் பேரை எடுத்துருவேன். அன்னைக்கு லாரி போற ரோடு, தெரியும்ல?" என்றார். கறுப்பு நிறத்தில், முட்டிக்கு மேலேயே நின்றுவிடும் சைக்கிள் டிரவுசர் ஒன்றைக் கையில் கொடுத்தனுப்பினார்.

அதை எடுத்துக்கொண்டு அத்தையின் முன்னால் போய் நிற்பது, லாரி போகும் ரோட்டில் விழுவதைவிடக் கடினமாக இருந்தது. அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்தார். வார நாட்களில் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளிக்கும் ஆசிரியை. வீட்டில் அப்பாவும் அம்மாவும்கூட அவரிடம் படித்தவர்கள் மாதிரிதான் நடந்துகொள்வார்கள்.

அத்தை டிரவுசரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முட்டி தெரிய எங்க வீட்டுப் புள்ள ரோட்டுல போகுமா? சபையில நாலு பேரு என்ன பேசுவாங்க?"

அம்மா மெதுவாக, "லெக்கிங்ஸ் போட்டுக்கிட்டா…" என்று ஆரம்பித்தாள்.

"அது தோலு மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கும். அதுக்கு இதுவே தேவலை."

அத்தோடு இரண்டு கதவும் சாத்தப்பட்டன. நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. யாரும் கவனித்த மாதிரி தெரியாததால் மூன்றாம் நாள் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா சாப்பிட வந்தார். மூட்டுவலிக்கான பட்டை, இடுப்பு பெல்ட், கழுத்துப் பட்டி இவற்றையெல்லாம் மருந்துக் கடைகளுக்குக் கொண்டுபோய் விற்பது அவர் வேலை. நடந்ததைக் கேட்டுவிட்டு, எலும்பைக் கடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "டிரவுசரை விடுங்கக்கா. குளிருக்கு என்ன செய்யப் போறீங்க? விடியக்காலப் பனி அம்புட்டும் முட்டியிலதான் இறங்கும். தேங்கா எண்ணெய் உறையிற மாதிரி மூட்டு பிடிச்சுக்கிரும். வெளிநாட்டுல பனியில சைக்கிள் ஓட்டுறவன் முட்டிக்கு உறை மாட்டாம வெளிய வரமாட்டான்."

கையைக் கழுவிவிட்டு வந்து போனில் ஒரு படத்தைக் காட்டினார். நடுத்தொடையில் தொடங்கிக் கெண்டைக்காலில் முடியும் கறுப்பு உறை. டிரவுசரின் விளிம்பு அதன்மேல் இரண்டு விரல் அகலத்துக்கு ஏறி நின்றது. முட்டி இருக்குமிடமே தெரியவில்லை.

"இது துணியில்லக்கா. மருத்துவ சாமான்."

மதுரையில் மார்கழிக் குளிர் என்றால் மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொண்டு தூங்குவது. அது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அத்தை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "குளிருக்குன்னா சரி," என்றார் கடைசியில்.

சித்தப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கு அது புரியவில்லை, உறைந்த தேங்காய் எண்ணெயை நினைத்துப் பயந்துபோயிருந்தேன். அன்றிலிருந்து முட்டிகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு படுத்தேன். காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாகக் காலை மடக்கிப் பார்ப்பேன். கொஞ்சம் இறுக்கமாக இருப்பதுபோலவே இருக்கும்.

முதல் ஜோடியைச் சித்தப்பா தன் சாம்பிள் பெட்டியிலிருந்தே கொண்டுவந்தார். வயதானவர்கள் போடும் தோல்நிறப் பட்டை. நடுவில் முட்டிச் சில்லுக்காக வட்டமாக ஓர் ஓட்டை. அத்தை அதற்குள் விரலை விட்டு ஆட்டினார். "மறைக்க வேண்டிய எடத்துக்கே சன்னல் வச்சிருக்கான் பாரு."

இரண்டாவது ஜோடி, குளிர் மாதத்தில் ஸ்வெட்டர் விற்க வடக்கிலிருந்து வருபவர்களிடம் வாங்கிய கம்பளி உறை. மைதானத்தில் போட்டு ஓட்டினேன். முதல் சுற்றில் அரித்தது. இரண்டாம் சுற்றில் வழிந்து கணுக்காலுக்கு வந்து, கோழிக்குக் கால்சட்டை போட்டதுபோல் நின்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். பி.டி. டீச்சரும் திரும்பி நின்றுகொண்டு சிரித்தார். போட்டிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் அத்தையே என்னை பஸ்ஸில் டவுன் ஹால் ரோட்டுக்குக் கூட்டிப்போனார். விளையாட்டுச் சாமான் கடைக்காரர் மூன்று விதமான உறைகளை எடுத்துப் போட்டார். அத்தை பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் ஒவ்வொன்றாக எடுத்தார். உள்ளே கையை விட்டுப் பஞ்சுபோல் இருக்கிறதா என்று தடவினார். இழுத்து விட்டார், பழைய நிலைக்கு வருகிறதா என்று பார்த்தார். மேல் விளிம்பின் உட்புறத்தில் ரப்பர் பட்டை ஓடுகிறதா என்று நகத்தால் சுரண்டினார்.

"இதுல முட்டிக்குப் பின்னாடி தையல் வருது. மடக்கி மடக்கி மிதிக்கையில அறுத்துரும். வேற காட்டுங்க."

கடைக்காரர் கொஞ்சம் மரியாதையோடு உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்தார். முட்டியின் வளைவுக்கு ஏற்ப வளைத்துத் தைத்திருந்தது. சுடிதாருக்கு மேலேயே அதை மாட்டி, கடை நடுவில் என்னை இருபது தரம் உட்கார்ந்து எழ வைத்தார் அத்தை. இறங்கவில்லை.

"ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கங்க டீச்சரம்மா. வளர்ற புள்ள," என்றார் கடைக்காரர்.

எங்கள் வீட்டில் செருப்பு, சட்டை, பள்ளிக்கூட பெல்ட் எல்லாமே வளர்ந்த பிறகு சரியாக இருக்கும் என்று வாங்கியவைதான். எதுவும் எனக்கு அந்தந்த வருஷத்தில் சரியாக இருந்ததில்லை. ஆனால் அத்தை தலையை ஆட்டினார். "வேணாம். இப்ப என்ன அளவோ அதைக் குடுங்க. வளந்தா வேற வாங்கிக்கிறோம்." எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உறை என்பது அவ்வளவு அவசரமான மருந்து போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டி ஒத்தக்கடையில் தொடங்கியது. திருவாதவூர்ச் சாலையில் பாதி தூரம் போய்த் திரும்ப வேண்டும். அன்றைக்குப் பார்த்து உண்மையாகவே குளிர். யானைமலை பனிக்குள் காணாமல் போயிருந்தது. மற்ற பிள்ளைகள் தொடையையும் முட்டியையும் அடித்துத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். என் முட்டிகள் மட்டும் அடுப்படியில் உட்கார்ந்திருப்பதுபோல் சுகமாக இருந்தன.

போகும்போது ஒன்பதாவதாகவோ பத்தாவதாகவோ இருந்தேன். அறுப்பு வயல்களிலிருந்து ஈரக்காற்று அடித்தது. திரும்பி வரும்போது ஒவ்வொருத்தியாகச் சோர்ந்தார்கள். நான் ஒவ்வொருத்தியாகத் தாண்டினேன். கடைசி வளைவில் எனக்கு முன்னால் நான்கு பேர். அங்கே சாலையோரத்தில் அத்தை நின்றிருந்தார். சபையிலும் வகுப்பிலும் குரல் உயர்த்தாத அத்தை, ஒரு கையில் பிளாஸ்க்கும் மறு கையில் சேலைக் கொசுவமுமாக என் கூடவே ஓடிவந்தார். "மிதி பாப்பா! மிதி! விட்றாத!"

உறை இறங்கிவிட்டது, அதற்குத்தான் கத்துகிறார் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். அது இருந்த இடத்தில்தான் இருந்தது. அதற்குள் பின்னால் வந்தவள் என் தோளுக்கு வந்துவிட்டாள். பயத்தில் மிதித்த மிதியில் முன்னால் இருந்தவளையும் சேர்த்துத் தாண்டிவிட்டேன். நான்காவது இடம்.

பரிசு கொடுக்க வேண்டியவர் வந்துசேர மணி பத்தாகிவிட்டது. பனி போய்ச் சுள்ளென்று வெயில் ஏறியிருந்தது. உறைக்குள் முட்டி வெந்தது. கழற்றலாமா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அப்போது எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியச் செயலாளர், அன்று அங்கேயே நடந்த ஓட்டப் பந்தயத்துக்குத் தன் பேத்தியோடு வந்தவர், அத்தையிடம் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன டீச்சர், நம்ம புள்ளைய இப்படி இறக்கிவிட்டுட்டீங்க?"

அத்தை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "டாக்டர் சொல்லியிருக்காரு. அவளுக்கு முட்டியில குளிரு ஆகாது. சைக்கிள் மிதிச்சாத்தான் சரியாகுமாம். இந்த டிரெஸ்ஸோடதான் மிதிக்கணும்னு சொல்லிட்டாரு."

"அடப் பாவமே. சின்னஞ்சிறுசு. ஜெபத்துல வச்சுக்கிறேன் டீச்சர்."

பொய் சொல்லக் கூடாது என்ற வசனத்தை எங்களுக்கு மனப்பாடம் செய்வித்தவரே அத்தைதான். அவர் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும். என்னை எந்த டாக்டரும் பார்த்ததே இல்லை என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை.

"அத்தை, எனக்கு என்ன வியாதி?"

அத்தை எல்லார் முன்னாலும் மண்ணில் மண்டியிட்டு, இரண்டு உறைகளையும் சுருட்டிக் கீழே இறக்கி உருவினார். வேர்த்து வெளுத்திருந்த முட்டிகளை முந்தானையால் துடைத்துவிட்டார். "சரியாப் போச்சு. இனி வேணாம்," என்றார். அப்படியே முட்டி தெரிய பஸ்ஸில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன்.

அதன்பிறகு பல வருஷங்கள், பல ஊர்களில், அந்த டிரவுசர் மட்டும் போட்டுக்கொண்டு ஓட்டினேன். சபையில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அத்தை என்னென்ன சொல்லிவைத்திருந்தாரோ, எனக்குத் தெரியாது.

எங்கள் சபையில், ஆண்டவர் செய்த நன்மைக்கு நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் ஒரு சீட்டில் எழுதிக் காணிக்கையோடு கொடுப்பார்கள். போதகர் அதை வாசிப்பார். போட்டிக்கு மறுநாள் ஞாயிறு. யாரிடமும் சொல்லாமல் நானே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். போதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாக வாசித்தார்: "முட்டியில் குளிர் ஆகாத வியாதியிலிருந்து ஒரே நாளில் பூரண சுகம் கொடுத்ததற்காக, ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள் ஸ்தோத்திரம் செலுத்துகிறாள்."

பெண்கள் ஐக்கியச் செயலாளர் கண் கலங்க எங்கள் பக்கம் திரும்பித் தலையசைத்தார். அத்தை சட்டென்று குனிந்து, முன்பெஞ்சில் நெற்றியைச் சாய்த்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கிக்கொண்டே இருந்தன. அவ்வளவு உருக்கமாக அவர் ஜெபித்து நான் பார்த்ததில்லை. அவருக்கு மனதில் என்ன குறையோ என்று, கண்களை இறுக்க மூடி, அத்தைக்காகவும் நான் ஒரு ஜெபம் செய்தேன்.