மூன்று கடையிலும் தெரிந்தது

எங்களுக்கு இணையத்தில் மூன்று கடைகள் இருந்தன. நேரில் பார்த்தால் உத்திரமேரூரில் ஒரு வாடகை வீடு, அதில் ஒரு அலமாரி, ஒரு கம்ப்யூட்டர். பூசைச் சாமான் கடையில் சாமிக்குச் சாத்தும் துண்டு, குழந்தைகள் கடையில் தலை துவட்டும் துண்டு, கைத்தறிக் கடையில் வெறும் ஈரிழைத் துண்டு. மூன்றும் ஒரே துண்டுதான். பார்சல் கட்டும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

மூன்றுக்கும் பின்னால் கம்ப்யூட்டரில் ஒரே அட்மின் பக்கம். ஒரு கடையில் ஒன்று விற்றால் மற்ற இரண்டிலும் இருப்பு தானாகக் குறைந்துவிடும். அதை உட்கார்ந்து செய்தவர் என் கணவர். செய்து முடித்த கையோடு வெளிநாட்டு வேலை கிடைத்து, ரெண்டே வருஷம் என்று சொல்லி ஷார்ஜாவுக்குப் போய்விட்டார். வாடிக்கையாளர் மெயில்களுக்கு அங்கிருந்து அவர் பதில் போடுவார். நான் பார்சல்களைத் தூக்கிக்கொண்டு வாலாஜாபாத் பஸ் ஏறிக் கூரியரில் போட்டுவிட்டு வருவேன்.

ஒவ்வொரு பொருளுக்கும் அட்மினில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று எங்கள் கண்ணுக்கு மட்டும், உள்குறிப்பு. மற்றது சரக்கு தீர்ந்துபோனால் வாங்க வருகிறவர்களுக்குக் காட்டும் செய்தி. உள்குறிப்பில் 'நூல் வரவில்லை', 'நீலம் சாயம் போகிறது' என்றுதான் எழுத வேண்டும். நாங்களோ குடித்தனமே நடத்தினோம். எனக்கு ஜுரம் வந்ததை அவர் குத்துவிளக்குக்கான உள்குறிப்பில்தான் படித்தார்.

ரெண்டு வருஷம் முடிய நாலு மாதம் இருந்தது. எப்போது வருகிறாய் என்று கேட்டால் பார்க்கலாம் என்பார். அந்தப் 'பார்க்கலாம்' எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் துண்டு தீர்ந்திருந்தது. அதற்கான உள்குறிப்பு என்று நினைத்து எழுதினேன்: "எப்ப வர்ற? வூடு வூடாவே இல்ல."

கட்டம் மாறிப் போனது தெரியாமல் சமைக்கப் போய்விட்டேன்.

மூன்று கடையிலும் துண்டுக்குக் கீழே அது ஒரு பகல் முழுக்க நின்றது. ஒருவர் இது புது ரகத்தின் பெயரா என்று விசாரித்திருந்தார். திருச்சியிலிருந்து ஒரு பெண், தன் வீட்டுக்காரரும் மஸ்கட்டில் இருப்பதாகவும், உங்களவர் முதலில் வந்து சேரட்டும், துண்டு மெதுவாக வந்தால் போதும் என்றும் எழுதியிருந்தாள். எல்லா மெயிலும் போய்ச் சேர்ந்தது என் கணவரிடம்தான்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. வாரத்தில் வெள்ளிக்கிழமை தவிர அவர் கூப்பிடுகிறவர் இல்லை. அது செவ்வாய்க்கிழமை.

"கடைல ஒண்ணு எழுதிக்கீற. அத்த அழிச்சிடவா?" என்றார்.

அவர் எனக்கு அத்தை மகன். சின்ன வயதிலிருந்தே நீ, வா, போதான். "பதில் சொல்லிட்டு அழி" என்றேன்.

அங்கே யாரோ இந்தியில் ஆளைக் கூப்பிடுவது கேட்டது.

"போன மாசமே இன்னும் ரெண்டு வர்சத்துக்குக் கையெழுத்து போட்டுட்டேன். உங்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியாம சுத்திக்கினு கீறேன்."

ஒரு மாதமாக நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாக அது பொய்க் கணக்கு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கண்டபடி திட்டியிருக்க வேண்டும், கோபம் வந்தால் நான் சும்மா விடுகிற ரகமும் இல்லை. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சண்டை போட்டால் போனை வைத்துவிடுவாரே என்று பயமாக இருந்தது. அந்தக் குரல் இன்னும் கொஞ்ச நேரம் காதில் இருக்க வேண்டும், எனக்கு அது போதும்.

"சாப்ட்டியா?" என்று கேட்டேன்.