படிக்கிணற்றுத் தண்ணீர்

வயதான சொந்தக்காரர் ஒருவரிடம் ஊரின் பழைய வாழ்க்கையைக் கேட்டு, செல்போனில் பதிவு செய்து வரும்படி மகளின் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, பெரியப்பா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். பெரியப்பா போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தங்கை, என் அத்தை, கல்யாணம் ஆகாமல் அந்த வீட்டிலேயே சமைத்துப் போட்டுக்கொண்டு இருக்கிறாள். இடது காலை இழுத்துத்தான் நடப்பாள். பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தேன். கேட்டதில்லை.

பெரியப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு ஒரு தட்டில் பால்கோவா வந்தது.

“நம்ம ஊரு சுந்தரபாண்டியத்துல எங்க படிக்கிணத்துத் தண்ணி இருக்கே, இளநி தோத்துப்போகும். நோய்னா என்னன்னே எங்களுக்குத் தெரியாது” என்றார், மகள் நீட்டிய போனைப் பார்த்து.

காப்பி கொண்டுவந்த அத்தை சிரித்துவிட்டாள். “நோய் தெரியாதா? ஏட்டி, போனை இங்கிட்டுத் திருப்பு.” சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினாள். கறுத்து, குழி விழுந்த தழும்பு.

“அம்புட்டுப் பேரும் கிணத்துக்குள்ள எறங்கித்தான் தண்ணி மோப்போம். புண்ணுக்காலோட எறங்குவாக. அதைத்தான் குடிச்சோம். எட்டு வயசுல எனக்கு நரம்புச் சிலந்தி வந்துச்சு. கொப்புளம் வெடிச்சு, வெள்ளை நூலு கணக்கா புழு தலையை நீட்டும். ஆத்தா அதை ஈக்குச்சில சுத்தி வச்சிருந்தா. தெனம் ஒரு சுத்துத்தான். அவசரப்பட்டா அறுந்துரும். இந்தா இருக்காரே உன் தாத்தா, கூட்டாளிகளைக் கூட்டியாந்து, ‘முழுசையும் இழுத்துக் காட்டுதேன் பாருங்கலே’ன்னு புடிச்சு இழுத்தாரு. அறுந்துபோச்சு. மிச்சம் உள்ள கெடந்து அழுகி, சீழு வடிஞ்சு, நாத்தம் தாங்காம என்னைய மாட்டுக்கொட்டத்துல படுக்கப் போட்டாக. எந்திரிக்கையில காலு இப்படி. பொறவு பள்ளிக்கூடமும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

என் வாயில் பால்கோவா வெதுவெதுப்பாகக் கரைந்து, திரிதிரியாக நாக்கில் ஒட்டியது. துப்ப இடமில்லை. விழுங்கவும் முடியவில்லை.

“சீ! இதைப் போயி பள்ளிக்கூடத்துல போட்டா புள்ளைக வாந்தி எடுக்கும். அழிக்கச் சொல்லு” என்றார் பெரியப்பா என்னிடம். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இத்தனை வருடமும் அவள் வடித்த சோற்றைத் தின்றவர். காப்பியை ஊதி ஊதிக் குடித்தார்.

அத்தை அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்தாள். இதுவரை என்னிடம் எதுவும் கேட்டிராதவள். எனக்குப் பெரியவர்கள் முன்னால் குரல் எழும்பாது.

“அழிச்சிரு பாப்பா” என்றேன்.

மகள் என்னை முறைத்துவிட்டுப் போனில் எதையோ அழுத்தினாள். அத்தை டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கால் தரையில் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் மகள், “அழிச்சது போன் குப்பைத்தொட்டியிலதாம்மா கெடக்கு. ஒரு மாசத்துக்குப் போகாது” என்று போனை என் காதில் வைத்தாள். அதில் அத்தை முழுவதும் பேசினாள். பெரியப்பா “சீ” என்றார். கடைசியில், மெலிந்து, குழைந்து ஒரு குரல்: “அழிச்சிரு பாப்பா.”

அத்தை சொன்ன புழுவையும் சீழையும்விட என் குரல்தான் அருவருப்பாக இருந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“டீச்சர்கிட்ட இதையே குடுக்கட்டுமா? நீ பேசுனதை மட்டும் வெட்டிருதேன்” என்றாள் மகள்.

“குடு. ஒண்ணையும் வெட்டாத” என்றேன்.